திரையில் தெரியும் நம்பர் யாருடையது? திரும்பக் கூப்பிடும் முன் இதைப் படிங்க!

"சார், உங்க ஆதார்ல வாங்குன சிம் இன்னும் ரெண்டு மணி நேரத்துல கட் ஆகப் போகுது. அதிகாரிகிட்ட பேச 9-ஐ அழுத்துங்க..."

இந்தக் குரலைக் கேட்காத வீடு இன்று குறைவு. பார்சலில் போதைப்பொருள், கரன்ட் பில் பாக்கி, கிரெடிட் கார்டு பாயின்ட் என்று கதை மட்டும் மாறும். ஒரு நம்பரை பிளாக் செய்தால் அடுத்த நம்பரில் வருவார்கள். எரிச்சலில் நம்மில் பலர் அந்த நம்பருக்கே திரும்பக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டுவிடுகிறோம். மறுமுனையில் யாரோ ஒரு பெரியவர், "யாருப்பா நீ? நான் உனக்கு போனே பண்ணலையே!" என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

போனில் தெரியும் நம்பர், தபால் கவரின் மூலையில் எழுதும் 'அனுப்புநர்' முகவரி மாதிரி. நம் சிம்மில் இருந்து பேசும்போது அதை தொலைபேசி நிறுவனமே எழுதிவிடுகிறது. ஆனால் இன்டர்நெட் வழியாகக் கிளம்பி, பல நெட்வொர்க்குகளைத் தாண்டி வரும் அழைப்பில், அனுப்புகிறவரே இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ள வழி இருக்கிறது. இதற்குப் பெயர்தான் ஸ்பூஃபிங். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு +91-ல் தொடங்கும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நம்பரைக் காட்டலாம்.

இதைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து இந்திய நம்பரோடு வரும் அழைப்பு நிஜமா என்று நுழைவாயிலிலேயே பார்த்து, போலி என்றால் வெட்டிவிடும். முதல் 24 மணி நேரத்தில் சுமார் 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசே சொன்னது. ஒரே நாளில்!

அப்புறம் ஏன் நம் போன் இன்னும் ஓயவில்லை? மோசடிக்காரர்கள் பாதையை மாற்றிக்கொண்டார்கள். அதில் ஒன்று 'சிம் பாக்ஸ்'. பத்துக்கணக்கில், நூற்றுக்கணக்கில் சிம் செருகிய ஒரு பெட்டி, ஏதோ ஒரு வாடகை வீட்டில் இருக்கும். வெளிநாட்டு அழைப்பு இன்டர்நெட் வழியாக அதற்குள் வந்து, உள்ளூர் அழைப்பாக வெளியே போகும். இப்போது நம்பர் போலி இல்லை, அசல். ஆனால் அது யாரோ ஒரு அப்பாவியின் ஆதாரில் வாங்கியது. "ரேகை சரியா விழலைங்க, இன்னொரு தடவை வைங்க" என்று கடையில் சொன்னபோது இரண்டாவது சிம் கிளம்பியிருக்கலாம். என்னைக் கேட்டால், அழைப்பைத் தடுப்பதில் காட்டிய வேகத்தில் பாதியையாவது சிம் விற்கும் இடத்தில் காட்டியிருக்க வேண்டும். மொத்தமாக சிம் கொடுப்பதை நிறுத்துவதாக 2023-லேயே அறிவித்தார்கள். சில்லறையாகச் சேர்ப்பவர்களை அது தொடவில்லை.

சரி, நாமே ட்ரேஸ் செய்ய முடியாதா? முடியாது. பெயர் காட்டும் ஆப்கள், மற்றவர்கள் சேமித்து வைத்த பெயரைத்தான் பெரும்பாலும் காட்டும். 'நம்பரைப் போட்டால் லைவ் லொகேஷன்' என்று காசு கேட்கும் இணையதளம் இன்னொரு மோசடி, அவ்வளவுதான். நிஜத் தேடல், ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்கும் அழைப்புப் பதிவை வாங்கி, ஒவ்வொரு கண்ணியாகப் பின்னால் போவது. அந்த அதிகாரம் போலீஸுக்குத்தான். அவர்களும் எல்லையைத் தொட்டதும் திணறுவார்கள். மறுமுனை மியான்மரிலோ கம்போடியாவிலோ இருக்கும். அங்கே பேசுகிறவரே 'டேட்டா என்ட்ரி வேலை' என்று ஏமாற்றிக் கூட்டிப்போகப்பட்டவராகவும் இருக்கலாம். 2025 மார்ச்சில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படி மீட்டு விமானத்தில் அழைத்து வரப்பட்டார்கள். முன்பு இப்படிச் சிக்கித் திரும்பியவர்களில் தமிழக இளைஞர்களும் உண்டு.

அதனால், பணம் போய்விட்டால் நம்பரின் பின்னால் ஓடாதீர்கள். பணத்தின் பின்னால் ஓடுங்கள். உடனே 1930. நம்பரைப் போலியாகக் காட்டலாம், பணம் மட்டும் ஏதோ ஒரு வங்கிக் கணக்கில் இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. 'மானம் போயிடும், நாளைக்குச் சொல்லிக்கலாம்' என்று அப்பா ஒரு ராத்திரி யோசித்தால், அந்த ராத்திரியில் பணம் நாலு மாநிலம் தாண்டிவிடும். இதை வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவும் கிடையாது என்பதையும் சேர்த்து.

பணம் போகவில்லை, அழைப்பு மட்டும் வந்தது என்றால், 'சஞ்சார் சாத்தி' தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் புகார் செய்யலாம். அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால், 'இது என் நம்பர் இல்லை' என்று அங்கேயே குறிப்பிட்டுவிடுங்கள். வங்கி அழைப்புகளுக்கு 1600-ல் தொடங்கும் வரிசையும், விளம்பர அழைப்புகளுக்கு 140-ம் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பத்து இலக்க சாதாரண நம்பரில் 'பேங்க்ல இருந்து பேசறேன்' என்றால் வைத்துவிட்டு, கார்டின் பின்னால் இருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். யாராவது *401* அழுத்தச் சொன்னால் அழுத்தவே கூடாது. உங்களுக்கு வரும் அழைப்புகளை, ஓடிபி சொல்லும் அழைப்பு உட்பட, அவர்கள் பக்கம் திருப்பிவிடும் வேலை அது.

எல்லோரும் மறந்துவிடும் இன்னொருவர் இருக்கிறார். தன் நம்பர் போலியாகக் காட்டப்பட்டதே தெரியாமல், நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குகிறவர். அது நீங்களாக இருந்தால், பதறிப்போய் நம்பரை மாற்ற வேண்டியதில்லை. மோசடிக்காரர்கள் நம்பரை அடிக்கடி மாற்றுவதால் பெரும்பாலும் சில நாளில் ஓய்ந்துவிடும். அதற்குள் சைபர் க்ரைம் தளத்தில் ஒரு புகார் பதிந்து, அந்தத் தேதிகளுக்கான அழைப்பு விவரத்தை உங்கள் நிறுவனத்திடம் வாங்கி வையுங்கள். அந்த அழைப்பு உங்கள் சிம்மில் இருந்து போகவில்லை என்று காட்ட அது உதவும். திட்டுவதற்காகக் கூப்பிடுகிறவரிடம், "என் நம்பரை யாரோ போலியா யூஸ் பண்றாங்க, நானும் புகார் கொடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.