ஒரு மணி நேரத் தொலைவு



எம்மவர் இல்லங்களில் இரண்டு கடிகாரங்கள் ஓடுவது புதுமையன்று. ஒன்று நாம் வாழும் நாட்டின் நேரத்தைக் காட்டும். மற்றையது சுவரில் இல்லாவிடினும் நெஞ்சினுள் இருந்து ஊர் நேரத்தைச் சொல்லும். "இப்போது அங்கே விளக்கு வைக்கும் நேரம்" என்று சொல்லாத தாய்மார் எம்மிடையே அரிது. எமக்கு முன்னரே இவ்வாறு வாழப் பழகிய பர்மாத் தமிழரை இவ்வாரம் நினைவுகூர விரும்புகிறோம். அவர்களுடைய நகரங்கள் இரண்டு: யாங்கோன், சென்னை.

இந்தியாவின் நேரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டையும், மியன்மாரின் நேரம் 97½ பாகைக் கோட்டையும் அடிப்படையாகக் கொண்டவை. இடைவெளி 15 பாகை. புவி அவ்வளவு சுழல ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே சென்னையில் ஆறு மணியாகும்போது யாங்கோனில் ஏழு மணி.

எனினும் கடிகாரத்தைச் சூரியன் மட்டும் ஆள்வதில்லை. 1942 முதல் 1945 வரை யப்பானியர் ஆட்சியில் இரங்கூன் டோக்கியோ நேரத்தைப் பின்பற்ற நேர்ந்தது. கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்தள்ளப்பட்டது. எமது நாட்டிலும் 1996 மே மாதத்தில், மின்சாரத்தைச் சேமிப்பதற்கென நேரம் ஒரு மணியால் முன்னகர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் வரை கொழும்பும் யாங்கோனும் ஒரே நேரத்தில் இருந்தன! புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலோ பழைய நேரமே நிலைத்தது. 2006 ஏப்ரலில்தான் கொழும்பும் பழைய நேரத்துக்குத் திரும்பியது.

காலத்தைக் கணிப்பதில் இவ்விரு நகரத்தாரும் அந்நியரல்லர். பர்மியரின் திஞ்சான் நீர்விழாவும் எமது சித்திரைப் புத்தாண்டும் ஏப்ரல் நடுப்பகுதியிலேயே வருகின்றன. சுவேடகோன் பகோடாவில் பிறந்த கிழமைக்குரிய இடத்தில் வழிபடுவோர்க்குக் கிழமைகள் எட்டு. புதன்கிழமை இரண்டாகப் பிரிக்கப்பட்டு, பிற்பகல் ராகுவுக்கு உரியதாகிறது. ராகுகாலம் பார்க்கும் எமக்கு இதில் வியப்பில்லை.

இயல்பில் வேற்றுமையும் உண்டு. சென்னையில் நின்றபடியே தேநீரை அருந்திவிட்டு நடப்பவர் பலர். யாங்கோனின் தேநீர்க் கடைகளிலோ சிறு முக்காலிகளில் அமர்ந்து நெடுநேரம் பேசுவதே வழக்கம்.

அந்நிதானத்தில் வளர்ந்த தமிழரை 1964 கலைத்தது. நே வின் அரசு கடைகளையும் வணிகத்தையும் தேசியமயமாக்கியது. ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியர் அந்நாட்டை நீங்கினர். தலைமுறைகள் தேடியவற்றை விட்டுவிட்டுக் கப்பலேறிய தமிழர் பலர் சென்னையில் இறங்கினர். கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே 1969 இல் உருவான பர்மா பஜார் அவர்களின் உழைப்புக்குச் சான்று.

அவர்கள் தம் உணவையும் கொணர்ந்தனர். யாங்கோனில் மொகிங்கா காலையுணவு. சென்னையிலோ அதனை அத்தோவுடன் மாலைக் கடைகளில் காண்கிறோம். புலம்பெயர்ந்தால் காலையுணவுக்கும் வேளை மாறிவிடுகிறது போலும்.

2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதை அடுத்து, யாங்கோனில் இரவு எட்டு மணி முதல் ஊரடங்கு விதிக்கப்பட்டது. அவ்வேளை சென்னையில் மணி ஏழு. அங்கே தெருக்கள் வெறிச்சோடும்போது, இங்கே அத்தோக் கடைகளில் கூட்டம் சேரும் நேரம். அங்கே உறவினரை விட்டு வந்தவர்க்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளமானது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. தொலைபேசியின் அருகே காத்திருந்த இரவுகள் எமக்கும் உண்டு.

சென்னைக்குச் செல்லும் எம்மவர் பர்மா பஜாருக்கும் செல்வர். அடுத்த முறை, விலை பேசுவதற்கு முன்பாக, அம்முதிய வணிகரிடம் ஒன்று கேளுங்கள்: "ஐயா, இப்போது இரங்கூனில் என்ன நேரம்?" அவர் கடிகாரத்தைப் பாராமலேயே விடை சொல்வார் என்பது எமது எண்ணம்.