ஏங்குவதற்கு முன் ஒரிஜினலைப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டால், பலரும் முதலில் போவது வீடியோ தளங்களுக்குத்தான். பாட்டு, சமையல், கிரிக்கெட் என்று தொடங்கி, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி எங்கெங்கோ போய்விடுகிறோம். அந்த வழியில் இப்போது அடிக்கடி எதிர்ப்படுபவை "அந்தக் காலத்து அமெரிக்கா" வகை வீடியோக்கள். 1950களின் நீளமான கார்கள், 1980களின் ஷாப்பிங் மால், வீடியோ கேம் கூடம், கேசட் கடை, பின்னணியில் மெல்லிய இசை. அந்த வாழ்க்கை இனி வராது என்று கீழே ஏக்கமான வரிகள்.

இவற்றில் பல, அந்தக் காலத்தில் எடுத்தவையே அல்ல. செயற்கை நுண்ணறிவு புரோகிராம்களைக் கொண்டு அண்மையில் தயாரித்தவை. அதில் சைக்கிள் ஓட்டிச் சிரிக்கும் சிறுவன் பிறக்கவே இல்லை. அந்த மால் எந்த ஊரிலும் இருந்ததில்லை. அப்படியானால், இல்லாத ஒன்றுக்காகவா ஏங்குகிறோம்? பழையதை நினைத்து ஏங்குவதில் தவறில்லை. ஆனால் ஏங்குவதற்கு முன் ஒரிஜினலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான வசதி உங்கள் மேஜை மேலேயே இருக்கிறது.

இது புதிய பழக்கம் அல்ல

அமெரிக்கர்கள் தங்கள் இளமைக் காலத்தைத் திரும்பத் திரும்பப் படமாக்கிப் பார்ப்பவர்கள். ஜார்ஜ் லூகாஸ் 1973ல் எடுத்த "அமெரிக்கன் கிராபிட்டி" படம், 1962ன் கோடை இரவு ஒன்றைக் காட்டியது. 1974 முதல் 1984 வரை ஓடிய "ஹேப்பி டேஸ்" டிவி தொடர், 1950களின் மில்வாக்கி நகரக் குடும்பம் ஒன்றைக் காட்டியது. 2016ல் வந்த "ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்" தொடர் 1983க்குப் போனது.

இவை நல்ல பொழுதுபோக்குகள்தான். ஆனால் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதைத் தயாரிப்பாளர்கள் முடிவு செய்கிறார்கள். "ஹேப்பி டேஸ்" காட்டும் அதே 1950களில்தான், 1957ல், லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைய ராணுவம் துணைக்கு வர வேண்டியிருந்தது. அந்தக் காலம் யாருக்கு இனித்தது என்று கேட்டால், எல்லோரிடமிருந்தும் ஒரே பதில் வராது.

ஒரிஜினல் எங்கே இருக்கிறது?

பிரூஸ்டர் கேல் என்பவர் 1996ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய "இன்டர்நெட் ஆர்க்கைவ்" ஒரு லாப நோக்கமற்ற டிஜிட்டல் நூலகம். ரிக் பிரிலிங்கர் என்பவர் 1982 முதல் தேடிச் சேர்த்த படங்களில் ஆயிரக்கணக்கானவற்றை இங்கே பார்க்கலாம். இவை ஹாலிவுட் படங்கள் அல்ல. விளம்பரங்கள், பள்ளியில் போட்ட பாடப் படங்கள், கம்பெனிகள் எடுத்த படங்கள், வீட்டில் எடுத்தவை. அதாவது, யாருமே பத்திரப்படுத்த நினைக்காத அன்றாட வாழ்க்கை.

1950ல் வந்த "எ டேட் வித் யுவர் பேமிலி" என்ற படத்தைப் பாருங்கள். குடும்பமே சேர்ந்து அழகாக இரவு உணவு சாப்பிடுகிறது. கூடவே, ஆண்கள் வீடு திரும்பும்போது பெண்கள் உடை மாற்றிக் களைப்பே தெரியாமல் இருக்க வேண்டும் என்று பாடமும் நடத்துகிறது. "டக் அண்ட் கவர்" என்ற படத்தில் பெர்ட் என்ற கார்ட்டூன் ஆமை வருகிறது. அணுகுண்டு விழுந்தால் மேஜைக்கு அடியில் பதுங்குவது எப்படி என்று 1950களின் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆமை அது. அழகும் அச்சமும் ஒரே பிரேமில் இருக்கின்றன. இன்றைய தயாரிப்புகள் அழகை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

மோடம் சத்தமும் எங்கேஜ்டு டோனும்

கம்ப்யூட்டர் உலகத்திலேயே ஓர் உதாரணம் சொல்லலாம். 1990களின் அமெரிக்கா என்றால் ஏ.ஓ.எல். நிறுவனத்தின் டயல்அப் இணைப்பு நினைவுக்கு வரும். மோடம் கிறீச்சிடும் சத்தம், மெயில் வந்திருக்கிறது என்று சொல்லும் அந்தக் குரல். 1998ல் ஹாலிவுட் இதையே பெயராக வைத்து ஒரு காதல் படமும் எடுத்தது. 2025 செப்டம்பர் 30ல் ஏ.ஓ.எல். தன் டயல்அப் சேவையை நிறுத்தியபோது பலரும் உருகினார்கள்.

ஆனால் அன்றைய கணக்கைப் பாருங்கள். 1996 நவம்பர் வரை மாதம் 9.95 டாலருக்கு 5 மணி நேரம் மட்டுமே. அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் 2.95 டாலர். 28.8 கேபிபிஎஸ் மோடமில் 4 எம்பி பைல் ஒன்று இறங்க ஏறக்குறைய 20 நிமிடம். டிசம்பரில் மாதம் 19.95 டாலருக்கு எவ்வளவு நேரமும் பயன்படுத்தலாம் என்று ஆனதும் கூட்டம் முண்டியடித்தது. கிடைத்ததெல்லாம் எங்கேஜ்டு டோன்தான். வழக்குகள் வந்தன. 1997ல் வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. நினைவில் மோடம் சத்தம் நிற்கிறது. எங்கேஜ்டு டோன் மறந்துபோகிறது.

இதனால் என்ன நஷ்டம்?

"மனசுக்கு இதமாக இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகட்டுமே" என்று நீங்கள் கேட்கலாம். இதமான பொய் பெருகப் பெருக, தேடும்போது அதுதான் முதலில் வந்து நிற்கும். ஒரிஜினல் கீழே அமுங்கிவிடும்.

ஒரிஜினலும் தானாகத் தங்கிவிடவில்லை. பிலடெல்பியாவைச் சேர்ந்த மரியன் ஸ்டோக்ஸ் என்ற நூலகர், 1979 முதல் 2012ல் இறக்கும் வரை, டிவி ஒளிபரப்பை இரவு பகலாக 70 ஆயிரம் கேசட்டுகள் அளவில் பதிவு செய்தார். செய்தியோடு சேர்த்து விளம்பரங்களும் அதில் பதிவாயின. சாதாரண மக்கள் இலவசமாகத் தங்கள் பக்கங்களை அமைத்துக்கொண்ட ஜியோசிட்டீஸ் தளத்தை, யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. தன்னார்வலர்கள் முன்கூட்டியே நகல் எடுத்திருந்ததால் அதில் பெரும்பகுதி மிஞ்சியது. இன்டர்நெட் ஆர்க்கைவ் கூட 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாட்கள் முடங்கியது. பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கினால் 5 லட்சம் புத்தகங்களை இரவல் பட்டியலிலிருந்து நீக்கவும் வேண்டி வந்தது.

நீங்கள் செய்யக்கூடியது

பழைய காலத்து வீடியோ என்று ஒன்று வந்தால், எடுத்தது யார், எங்கே, எந்த ஆண்டு என்று அதன் கீழே உள்ள குறிப்பில் பாருங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். வீடியோவை நிறுத்திக் கடைப் பெயர்ப் பலகைகளைப் படித்துப் பாருங்கள். எழுத்துகள் குழம்பியிருந்தால் பெரும்பாலும் அது புரோகிராம் வரைந்த கடைதான்.

பிறகு, பிரவுசரில் ஆர்க்கைவ் டாட் ஆர்க் தளத்தைத் திறந்து, பிரிலிங்கர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். பிடித்த படங்களில் பலவற்றை இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். அங்கேயே உள்ள "வேபேக் மெஷின்" பெட்டியில் பழைய தளம் ஒன்றின் முகவரியைக் கொடுத்தால், அதன் நகல்கள் எடுக்கப்பட்ட தேதிகள் காலண்டரில் தெரியும். ஒரு தேதியில் கிளிக் செய்தால் அன்றைய பக்கம் வரும். படங்கள் கோணலாக இருக்கும், நிறங்கள் கண்ணைக் குத்தும், பாதி லிங்க் வேலை செய்யாது. அப்படித்தான் இருந்தது அந்தக் காலம். அதைப் பார்த்த பிறகும் பிடித்திருந்தால், தாராளமாக ஏங்குங்கள்.