ஒழுங்கைக்கு உரியவர் யார்?

கொழும்பிலிருந்து இரவோடிரவாக வரும் சொகுசு பஸ் விடியப்புறம் சாவகச்சேரியைக் கடக்கும்போது உள்ளே இருப்பவர்கள் நல்ல நித்திரை. கண் விழிப்பது யாழ்ப்பாணத்தில். பிறகு நல்லூர், கோட்டை, பொது நூலகம், கீரிமலை, நயினாதீவு என்று சுற்றிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். 2014 ஒக்ரோபரில் ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. 2024இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 20 இலட்சத்துக்கும் மேல். இத்தனையிலும் சாவகச்சேரியைச் சூழ்ந்த தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தது ஏ-9 வீதியின் இரைச்சல்தான்.

தென்மராட்சியின் ஊர்களைப் பார்ப்பதற்கு ஏற்ற வாகனம் மின்சைக்கிள். வழிகாட்டி ஒருவர் முன்னே போக, ஆறேழு பேர் பின்னே. காலையில் சாவகச்சேரி ரயில் நிலையத்தடியில் தொடங்கி ஒழுங்கைகளுக்குள்ளால் ஊர் ஊராகப் போய், மத்தியானம் ஒரு வீட்டுச் சாப்பாடு, பொழுதுபட முன் திரும்பல். ஐரோப்பாவின் கிராமப்புறங்களில் இது இப்போது சாதாரணம். ஜேர்மனியில் 2023இல் விற்ற புதுச் சைக்கிள்களில் பாதிக்கு மேல் மின்சைக்கிள்கள்தாம். அங்கே இருக்கும் எங்கள் சொந்தக்காரர் பலரே அதில்தான் வேலைக்குப் போய்வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் சைக்கிள் சுற்றுலா நடத்துவோர் உண்டு. அவர்களின் சில்லுகள் நகரையும் தீவுப்பகுதியையும் விட்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி வருவது குறைவு.

“தட்டையான மண்ணுக்கு மோட்டார் எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். வைகாசி, ஆனியில் சோளகத்துக்கு எதிரே தனங்கிளப்பு வெளியில் சைக்கிள் உழக்கியவர் அப்படிக் கேட்கமாட்டார். மேடு இல்லாத இந்த மண்ணில் காற்றும் வெயிலும்தான் மேடு. மின்சைக்கிளில் காலால் உழக்கவேண்டும். உழக்க உழக்க மோட்டார் கைகொடுக்கும். ஐரோப்பியச் சட்டப்படி அந்த மோட்டாரின் வலு கூடியபட்சம் 250 வாற்று, 25 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டதும் உதவி நின்றுவிடும். ஒருமுறை பற்றறியை நிரப்ப ஏறத்தாழ அரை அலகு மின்சாரம் போதும். அறுபது வயது அம்மாவும் இருபது வயது மகளும் ஒன்றாகப் போகலாம். மணி அடித்தாலொழிய நாய்க்குக்கூடத் தெரியாமல் வேலியோரம் கடந்துவிடலாம்.

சைக்கிள் எங்களுக்குப் புதிதல்ல. 1990களின் முற்பகுதியில், எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில், குடாநாடு முழுவதையும் சுமந்தது சைக்கிள்தான். நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் அதிலேதான் போயின. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. அந்நாளின் தடைப்பட்டியலில் பற்றறியும் இருந்தது. அதே ஒழுங்கைகளில் இன்று பற்றறி பூட்டிய சைக்கிளை ஓட்டுவதைப் பற்றி நிதானமாகப் பேச முடிகிறது என்பதே பெரிய விடயம்.

பாதை எப்படி இருக்கலாம்? சாவகச்சேரிச் சந்தையில் பழமும் இளநீரும் வாங்கிக்கொண்டு முதலில் மட்டுவில். பங்குனித் திங்களில் குடாநாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வந்து பன்றித்தலைச்சி அம்மன் வாசலில் பொங்கும். பொங்கலோடு மட்டுவில் கத்தரிக்காய்க் கறியும் சேரவேண்டும் என்பது வழக்கம். இந்த ஊரில்தான் உரையாசிரியர் ம. க. வேற்பிள்ளை வாழ்ந்தார், 1899இல் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பிறந்ததும் இங்கேதான். தமிழ் படித்த வீடுகள் இருந்த தெருக்களைக் காட்ட ஒரு வழிகாட்டிப் பலகை நட்டாலே போதும். அடுத்தது சரசாலைக் குருவிக்காடு: கண்டல் மரங்களும் சதுப்பும், மாரியோடு வந்திறங்கும் பறவைகளும். அங்கிருந்து வரணி. கடலுக்கு அப்பால் வேதாரணியம் கோயிலின் நிர்வாகத்தோடு வழிவழியாகத் தொடர்பு கொண்ட ஆதீனத்துக்கு இந்த ஊரின் பேர்தான். வேதாரணியத்திலிருந்து வரும் ஒருவருக்கு இது சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடித்த மாதிரி இருக்கும். பிறகு கொடிகாமம். கறுத்தக்கொழும்பான் காலத்தில் அந்தச் சந்தையின் மணத்துக்காகவே வரலாம். தெற்கே திரும்பினால் கச்சாய், களப்புக்கரை, இறால். அல்லாரைப் பக்கத்தால் மறுபடி சாவகச்சேரி. சுற்றிவந்தால் ஒரு பற்றறிக்குள் அடங்கிவிடும் தூரம்தான். இன்னும் உடம்பில் வலு இருப்பவர் தனங்கிளப்பு வழியே கேரதீவுக்குப் போகலாம். 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தில் நின்றால் இருபுறமும் களப்பு.

ஆனால் இந்தப் பாதையை அழகுக்காக மட்டும் காட்டிவிட்டுப் போக முடியாது. போகவும் கூடாது.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்கியபோது, வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குள் நடந்தது. மழை. இலட்சக்கணக்கான சனம். ஏற முடியாத அளவுக்குச் சுமை கட்டிய சைக்கிள்களை எல்லாரும் உருட்டிக்கொண்டே வந்தார்கள். வந்தவர்களுக்குத் தென்மராட்சியின் படலைகள் திறந்தன. பள்ளிக்கூடம், கோயில் மடம், மாட்டுக்கொட்டில், மாமரத்தடி எல்லாம் வீடாயின. கிணற்றடியில் வரிசை நின்றது. எந்த அரசாங்க அறிவித்தலும் இல்லாமல், ஒரு பகுதி மக்கள் இன்னொரு பகுதி மக்களை மாதக்கணக்கில் தாங்கிய சம்பவம் அது. ஐந்து வருடங்களின் பின், 2000இல், போர் தென்மராட்சிக்குள் வந்தது. சாவகச்சேரி நகரம் இடிந்து மண்ணாகியது. இங்கிருந்த சனம் வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் ஓடியது. இன்று ஏ-9 ஓரத்தில் காணும் கடைகளும் மாடிகளும் அதற்குப் பிறகு எழுந்தவை. இதை அறியாத பயணிக்குச் சாவகச்சேரி ஏன் இவ்வளவு புதிதாகத் தெரிகிறது என்பது விளங்கவே விளங்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர் செம்மணியைக் கடந்துதான் வரவேண்டும். 1999இல் 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்ட இடம்; 2025இல் அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தில் மறுபடியும் தோண்டினார்கள். கொடிகாமத்துக்குக் கிழக்கே மிருசுவிலில் 2000 டிசெம்பரில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அதற்காக 2015இல் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய்க்கு 2020 மார்ச்சில் சனாதிபதி மன்னிப்பு வழங்கினார். வழிகாட்டி இவற்றைச் சொல்லவேண்டுமா? சொல்லவேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. நடந்ததை நடந்தபடி, ஆண்டையும் இடத்தையும் சொன்னால் போதும். அழுகையை விற்கத் தேவையில்லை. கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் எடுக்கும் இடம் எது, கையைக் கட்டி நிற்கும் இடம் எது என்று முன்கூட்டியே பயணிக்குச் சொல்லிவிடுவது வழிகாட்டியின் கடமை. அந்தக் கதைகளை எப்படிச் சொல்வது என்று உறவுகளை இழந்த குடும்பங்களிடம் முதலில் கேட்பது எல்லாருடைய கடமை.

இனி, காசு யார் போடுவது என்ற கேள்விக்கு வருவோம். சைக்கிளுக்குக் காசு கிடைக்கும். வங்கிக் கடனோ வெளிநாட்டில் இருக்கும் மச்சானோ உதவினால் பத்துச் சைக்கிள் வாங்கலாம். ஆனால் ஒழுங்கையை எந்த மச்சானும் வாங்கித் தரமுடியாது. பெரிய வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, அடுத்தது மாகாணத் திணைக்களத்துடையது, உள் ஒழுங்கை நகரசபையுடையதோ பிரதேச சபையுடையதோ. வேலி வீட்டுக்காரருடையது. வேலியடியில் கிடக்கும் குப்பையோ ஒருவருடையதும் அல்ல. இரவில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு போய் மதவடியில் எறிபவர் எங்கிருந்தோ வந்தவரல்ல, எங்களில் ஒருவர். சபை வண்டி வரவில்லை என்று குறைசொல்வதில் நியாயம் உண்டு. அந்த நியாயம் சதுப்புக்குள் பம்பர்ஸ் எறிவதற்கு உரிமை தராது. குருவிக்காட்டைப் பார்க்க வருபவர் பறவைக்கு முன் பார்ப்பது அதைத்தான்.

குப்பையைவிடப் பயங்கரமானவை இரண்டு. ஒன்று, மணல் ஏற்றிக்கொண்டு ஊர் ஒழுங்கையில் பாயும் டிப்பர். மற்றது, காவலாளி இல்லாத புகையிரதக் கடவை. மீசாலை, கொடிகாமம் பக்கங்களில் ரயில் பாதை ஒழுங்கைகளை எத்தனையோ இடத்தில் வெட்டிப்போகிறது. இரண்டாலும் சாவது பயணி அல்ல, தினமும் அந்த வழியால் ரியூசனுக்குப் போகும் எங்கள் பிள்ளைகள். பயணிக்குப் பாதுகாப்பான ஒழுங்கை பிள்ளைக்கும் பாதுகாப்பானது என்பதால்தான் இந்தச் சுற்றுலாப் பேச்சையே எடுத்தோம். எழுதுமட்டுவாளுக்கு அப்பால், முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றல் நீண்டகாலம் நடந்த நிலம். அந்தத் திசையில் பாதை போடவே வேண்டாம்.

மறுப்புகளும் உண்டு. அரைக்காற்சட்டையோடு கோயில் வீதியால் போவார்களே என்று பெரியவர்கள் முகஞ்சுளிப்பார்கள். நியாயமான கவலை. சைக்கிள் கூடையில் ஆளுக்கொரு வேட்டியோ சால்வையோ வைத்தால் தீரும் கவலையும்கூட. பெண்பிள்ளைகள் வழிகாட்டியாகப் போவதா என்பார்கள். தடைக்காலத்தில் இந்த ஒழுங்கைகளில் சைக்கிளில் போய்ப் படித்து ஆசிரியையாகவும் தாதியாகவும் வந்த பெண்களிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் எங்களுக்குள்ளே இருக்கும் ஒரு மறுப்பைப் பற்றி எவரும் வாய்திறப்பதில்லை. 2018இல் வரணியில் ஒரு கோயில் தேரை, சாதியின் பேரால் சிலரை வடம்பிடிக்க விடக்கூடாது என்பதற்காக, மண் வெட்டும் இயந்திரம் இழுத்த படம் உலகமெல்லாம் சுற்றியது. 1995இல் எல்லாருக்கும் படலை திறந்த தென்மராட்சியும் இதுதான், அந்தத் தேர் ஓடிய தென்மராட்சியும் இதுதான். பாதை சில தெருக்களால் போய்ச் சில குடியிருப்புகளைத் தவிர்க்குமானால், மத்தியானச் சாப்பாடு சில வீடுகளில் மட்டுமே சமைக்கப்படுமானால், இந்தத் திட்டம் வராமல் இருப்பதே நல்லது.

மலையகத்தில் 2023இல் திறந்த பீக்கோ நடைபாதை இதற்கு ஒரு முன்மாதிரி. கண்டிப் பக்கத்தில் தொடங்கி நுவரெலியா வரை 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் அந்தப் பாதைக்காகப் புதுத் தெரு வெட்டவில்லை. பழைய தேயிலைத் தோட்டத்து வழிகளையே இணைத்து அடையாளம் நட்டார்கள். அங்கேயும் வெளிநாட்டு உதவி இருந்தது. ஆனால் தோட்ட நிர்வாகங்களும் ஊர்களும் வழிவிடச் சம்மதித்திராவிட்டால் அந்தக் காசால் ஒரு பலகைகூட நட்டிருக்க முடியாது. அந்த வழியோரத்து லயன்களில் வாழும் தோட்டத் தொழிலாளருக்கு அதில் எவ்வளவு கிடைக்கிறது என்பது தனியாகக் கேட்கவேண்டிய கேள்வி. எங்கள் பாதையில் அந்தக் கேள்வி எழாதபடி முதலிலேயே பங்கு பேசிவிடவேண்டும்.

எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஊருக்கு ஊர் சனசமூக நிலையம். காலையில் பத்திரிகை வாசிக்க நாலுபேர் வருவார்கள், பிறகு பூட்டிக்கிடக்கும். அங்கே ஒரு மின்செருகி, குடிதண்ணீர், துப்புரவான ஒரு கழிப்பறை. பற்றறி நிரம்பும் நேரத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு பேச்சு. சாப்பாட்டை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் முறைவைத்துப் பொறுப்பேற்கலாம். ஒடியற் கூழுக்குப் பெயர்போன கைகள் இங்கே குறைவில்லை. பழுதுபார்ப்பது, காற்றடிப்பது நகரத்துச் சைக்கிள்கடைக்காரருக்கு. அவருக்கு மோட்டார் வேலை பழக்கவேண்டும். வழிகாட்டிகளுக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பிரதேச வழிகாட்டி அனுமதி இருக்கிறது. ஊர் இளையோர் பத்துப்பேரை அதற்குத் தயார்படுத்த வடமாகாண சுற்றுலாப் பணியகம் முன்வந்தால் வேறெந்தக் கட்டடமும் கட்டத் தேவையில்லை. கைதடியில்தான் மாகாண சபைக் கட்டடமே இருக்கிறது. தூரம் ஒரு சாட்டல்ல.

புலம்பெயர்ந்தோரிடமும் ஒரு வார்த்தை. நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு வருகிறீர்கள். கோயிலுக்கு மதில் கட்டக் காசு தருகிறீர்கள். இம்முறை ஒரு மதிலைக் குறைத்து, உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு ஒரு கழிப்பறை கட்டித் தாருங்கள். உங்கள் பிள்ளைகளே அதை முதலில் தேடுவார்கள்.

சபைகளிடம் கேட்பது இது. வெளிநாட்டுப் பயணிக்குப் பாதையைத் திறப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை தென்மராட்சிப் பள்ளிக்கூடங்களின் உயர்தர மாணவர்களைச் சாதாரணச் சைக்கிளிலேயே இந்தப் பாதையால் அனுப்புங்கள். எங்கே குப்பை, எங்கே கடவையில் பயந்தார்கள், எங்கே படலை திறந்தது, எங்கே திறக்கவில்லை என்று அவர்கள் எழுதித் தரட்டும். கோயில் தர்மகர்த்தாக்கள், டிப்பர் உரிமையாளர்கள், சங்கங்கள், சபை உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே மேசையில் இருந்து அதை வாசிக்கவேண்டும். வரும் பங்குனித் திங்களுக்கு முன் அந்த மேசை கூடட்டும். அதுவரைக்கும் அவரவர் வேலியடியை அவரவர் கூட்டிவைப்போம். அதற்கு எந்தச் சபையின் அனுமதியும் தேவையில்லை.