நஷ்டக் கணக்கும் ஒரு கணக்குதான்!

நம் ஊரில் எதையும் திரும்பத் திரும்பச் செய்தால் மரியாதை கூடும். ஒரே படத்தை நாலு தடவை பார்த்தால் ரசிகன். முதல் வருஷம் மலைக்குப் போனால் கன்னிசாமி, பதினெட்டாம் வருஷம் போனால் குருசாமி, காலில் விழுவார்கள். ரெண்டாம் தடவை ஜெயித்த எம்.எல்.ஏ. என்றால் மந்திரி பதவி கேட்கலாம். ஒரே வகுப்பில் ரெண்டாம் வருஷம் உட்காருகிறவனுக்கு மட்டும் இந்த மரியாதை கிடையாது. 'அனுபவஸ்தன்' என்று ஒருத்தராவது சொல்லவேண்டுமே, ம்ஹூம்!

அதிலும் பையன் வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்கிறவன் என்றால் போச்சு. போகும்போது தெருவே திரண்டு வழியனுப்பியிருக்கும். 'ஃபெயில்' என்று வந்தால் தெருவே திரண்டு விசாரிக்கும்.

எங்கள் தெருவில் (திண்டுக்கல்தான்) அப்படி ஒரு தம்பி. ரஷ்யாவில் 6 வருஷப் படிப்பு. மூணாம் வருஷத்தில் ரெண்டு பாடம் காலை வாரிவிட, 'செப்டம்பரில் வந்து அதே வருஷத்தை மறுபடி படி' என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். பையன் ஜூலையில் வீட்டுக்கு வந்தான். வந்தவன் மாடியை விட்டு இறங்கவில்லை. கீழே அவன் அம்மா பக்கத்து வீட்டில் 'சிலபஸ் மாத்திட்டாங்க' என்று சொன்னார். பெரியப்பா வீட்டுக்கு 'விசா பிரச்னை' என்று தகவல் போனது. அத்தைக்கு மட்டும் 'அங்கே குளிர் ஜாஸ்தி, லீவு விட்டுட்டாங்க' என்று சொல்லப்பட்டது. ஜூலை மாதத்தில்!

பையனின் அப்பா போக்குவரத்துக் கழகத்தில் ரிடையர் ஆனவர். அவருடைய வருமான வரிக் கணக்கை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். ஒருநாள் ஃபைலோடு வந்தவர், ஃபைலைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, பேசாம இவனை நிறுத்திட்டு பி.காம். சேர்த்துடலாமா?"

(பி.காம். படித்த என்னிடமே அதை ஒரு தண்டனை மாதிரி சொன்னாரே என்று நான் வருத்தப்படவில்லை. மனுஷன் இருந்த நிலைமை அப்படி.)

"ஏன் சார்?"

"வகுப்புலயே தேறாதவன், முடிச்சுட்டு வந்து இங்க எழுதற பரீட்சைல எப்படித் தேறுவான்? அஞ்சு பேர்ல ஒருத்தன்தான் பாஸாம்ல. ரிடையர்மென்ட் பணம் பாதி போயிடுச்சு. மீதியையும் போடவா, வேணாமா?"

நியாயமான கேள்வி. இதற்கு 'நம்பிக்கைதான் சார் வாழ்க்கை' என்று பதில் சொல்வது பாவம். மாடிக்குப் போய்ப் பையனைப் பிடித்து, அந்தப் பரீட்சையைப் பற்றி விவரம் கேட்டேன்.

ரஷ்யா, சீனா, பிலிப்பைன்ஸ் மாதிரி நாடுகளில் படித்துவிட்டு வருகிற நம்மவர்கள் இங்கே ஸ்டெதஸ்கோப்பைத் தொடவேண்டுமானால் எஃப்.எம்.ஜி.இ. என்ற தேர்வு எழுதவேண்டும். 2002-லிருந்து இருக்கிறது. வருஷத்துக்கு ரெண்டு தடவை. காலையில் 150 கேள்வி, மத்தியானம் 150 கேள்வி. மொத்தம் 300-க்கு 150 எடுத்தால் பாஸ். அப்புறம் இங்கே ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். அதையும் முடித்தால் மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு. 2024 ஜூன் தேர்வில் தேறியது 100-க்குச் சுமார் 21 பேர். அப்பா சொன்ன கணக்கு சரிதான்.

ஆனால் இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நீட் தேர்வு ஒரு ஓட்டப்பந்தயம். எனக்கு முன்னால் ஒருத்தன் ஓடினால் என் சீட் போச்சு. இது பந்தயம் இல்லை, உயரம் தாண்டுவது. கம்பு 150-ல் நிற்கிறது. பக்கத்து நாற்காலிக்காரன் 280 எடுத்தாலும் கம்பு ஒரு அங்குலம் ஏறாது. தப்பான விடைக்கு மைனஸ் மார்க் கிடையாது. எத்தனை தடவை எழுதினீர்கள் என்று கேட்பதும் கிடையாது.

"மார்க்கை எப்படிப் பிரிச்சிருக்காங்க?" என்றேன். பையன் ஒரு பேப்பரில் எழுதினான். மெடிசின் 33, சர்ஜரி 32, பிரசவம்-மகளிர் மருத்துவம் 30, சமூக மருத்துவம் 30... எலும்புக்கு 5, மயக்க மருந்துக்கு 5. மொத்தம் 19 பாடம். எனக்கு அது பட்ஜெட் மாதிரியே தெரிந்தது. எங்கே காசு இருக்கிறதோ அங்கேதானே கடை போடவேண்டும்?

"இதுல உன் காலை வாரினது எது?"

"பாத்தாலஜியும் ஃபார்மகாலஜியும்ணே."

பாத்தாலஜி 13, ஃபார்மகாலஜி 13. கூடவே மூணாம் வருஷத்தில் வருகிற மைக்ரோபயாலஜி 13. ஆகமொத்தம் 39 மார்க். மனப்பாடம் பண்ணி ஒரே தடவையில் தாண்டிப்போன அவனுடைய கூட்டாளிகள் இதையெல்லாம் படிப்பு முடிந்தபிறகு, மறந்துபோய், வீட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து படிக்கவேண்டும். இவனுக்கு அதே பாடத்தை வாத்தியார், லேப், மைக்ராஸ்கோப் சகிதம் ரெண்டாம் தடவை நடத்தப்போகிறார்கள். ஃபீஸ் கட்டித்தான். சும்மா இல்லை. ஆனால் கட்டுகிற ஃபீஸுக்கு லைசென்ஸ் பரீட்சையின் முதல் ரிவிஷனும் சேர்ந்து வருகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. ரெண்டாம் தடவையும் அதே மாதிரி படித்தால் அது ரிவிஷன் இல்லை, ரீ-ரிலீஸ்!

அங்கே நடத்தாத பாடமும் உண்டு. நம் ஊர்த் தடுப்பூசி அட்டவணை, காசநோய்த் திட்டம், மலேரியாத் திட்டம் எல்லாம் ரஷ்யாக்காரர் ஏன் நடத்தப்போகிறார்? அதெல்லாம் அந்த 30 மார்க் சமூக மருத்துவத்தில் வருகிறது. ராத்திரியில் தனியாகத்தான் படிக்கவேண்டும்.

இதற்கு நடுவில் ஒரு ஏஜென்ட் வேறு போன் செய்து, 'கவலைப்படாதீங்க சார், வேற நாட்டுக்கு மாத்திவிட்டுடலாம்' என்றிருக்கிறார். அந்தக் கதவு 2021 நவம்பரிலேயே சாத்தியாகிவிட்டது. அதற்குப் பிறகு போய்ச் சேர்ந்தவர்கள், 54 மாதத்துக்குக் குறையாத படிப்பையும் 12 மாத இன்டர்ன்ஷிப்பையும் ஒரே காலேஜில் முடிக்கவேண்டும் என்பது விதி. நடுவழியில் பஸ் மாறினால் டிக்கெட் செல்லாது. கண்டக்டர்களை மேய்த்தவருக்கு இதை விளக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

கடைசியாகப் பையனிடம் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"தம்பி, அப்பாவை விடு, கடனை விடு. உனக்கு டாக்டராகணுமா? வேணாம்னாலும் தப்பில்லை. பி.காம். அப்படி ஒண்ணும் மோசமில்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சொன்னான். "அங்க வார்டுல ஒரு ரஷ்யப் பாட்டிண்ணே. எங்க வலிக்குதுன்னு கேட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அரைமணி நேரம் பேசுச்சு. பாதிதான் புரிஞ்சுது. மீதிப் பாதியும் புரியணும்ணே."

போதும். கீழே வந்து அப்பாவிடம் எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் பேசினேன்.

"சார், வியாபாரத்துல ஒரு வருஷம் நஷ்டம் வந்தா, வருமான வரிச் சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? அந்த நஷ்டத்தை 8 வருஷம் வரைக்கும் எடுத்துட்டுப் போய், பின்னாடி வர்ற லாபத்துல கழிச்சுக்கலாம். ஆனா ஒரு கண்டிஷன். நஷ்டமான வருஷத்துக்கும் தேதிக்குள்ள கணக்கு தாக்கல் பண்ணியிருக்கணும். மறைச்சா அந்தச் சலுகை கிடையாது."

அவர் என்னையே பார்த்தார்.

"நீங்க பெரியப்பாவுக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணுன்னு சொல்லிட்டிருக்கீங்க. பையன் அந்தப் பொய்யெல்லாம் ஞாபகம் வெச்சுக்கறதுலயே பாதி மூளையைச் செலவு பண்றான். அந்த மூளை 19 பாடத்துக்கு வேணும் சார். ஃபெயில்னு சொல்லிடுங்க. ஒரு வாரம் பேசுவாங்க. அடுத்த வாரம் தெருவுக்கு வேற விஷயம் கிடைச்சுடும்."

ஒரு வருஷம் போனது போனதுதான். ஃபீஸ் நஷ்டம், ஹாஸ்டல் நஷ்டம், கூடப் படித்தவர்கள் ஒரு வருஷம் முன்னால் போனது நஷ்டம். இதை லாபம் என்று சொல்கிறவன் கணக்குத் தெரியாதவன். ஆனால் ஒத்துக்கொண்ட நஷ்டத்தைத்தான் கழிக்கமுடியும்.

அந்த வாரமே ஒரு வளைகாப்பில், பத்துப் பேர் நடுவில் அவன் அம்மா சொல்லிவிட்டார்: "மூணாம் வருஷம் ஃபெயிலு. திரும்பப் படிக்கிறான்." வளையல் சத்தம் ஒரு நிமிஷம் நின்றதாம். அப்புறம் யாரோ பாயசம் கேட்டார்களாம். அவ்வளவுதான்! பையன் மாடியிலிருந்து இறங்கி டீக்கடைக்கு வர ஆரம்பித்தான். ஆகஸ்ட் கடைசியில் கிளம்பியும் போய்விட்டான். பெட்டியில் நம் ஊர் சமூக மருத்துவப் புத்தகமும் அம்மாவின் ஊறுகாயும் சம எடையில் இருந்ததாகக் கேள்வி.

அவன் தேறுவானா என்று என்னைக் கேட்காதீர்கள். அவனையும் கேட்காதீர்கள். உங்கள் ஆபீஸில், தெருவில், சொந்தத்தில் இப்படி ஒரு பையனோ பெண்ணோ கட்டாயம் இருப்பார்கள். பார்த்தால் 'எப்போ முடியும்?' என்று கேட்கவேண்டாம். 'டீ சாப்பிட்டியா?' என்று கேளுங்கள். அதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும்.

என்றைக்காவது நடுராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, டியூட்டி டாக்டரிடம் 'மூணாம் வருஷத்தை எத்தனை வருஷம் படிச்சீங்க?' என்று யாரும் கேட்கப்போவதில்லை. எந்த மருந்து எதுக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். அதை ரெண்டு தடவை படித்தவர் என்று தெரிந்தால், எனக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதி!