கொடிக்கயிறு கற்பிக்கும் பாடம்



பெருநாள் நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் துவைக்கும் வேலைக்கு ஓய்வே இராது. திரைச்சீலைகளும் விரிப்புகளும் ஜமக்காளங்களும் ஒரே நாளில் மாடிக்கு வந்து சேர்ந்துவிடும். சுமை தாங்காமல் கொடிக்கயிறு தொய்கிறது. துணியின் ஓரம் தரையைத் தொடுகிறது. உடனே மகனை அழைத்து, "இதைக் கொஞ்சம் இழுத்துக் கட்டு, வாப்பா" என்கிறீர்கள். அவனும் தன் பலமனைத்தையும் கூட்டி இழுத்துக் கட்டுகிறான். கயிறு விறைப்பாக நிற்பது பார்வைக்கு அழகுதான். ஆனால், அதில் ஓர் ஆபத்தும் மறைந்திருப்பதை நீங்கள் அறிவீர்களா?

மூன்று படி அரிசியுடன் நான்கு படி அரிசியைச் சேர்த்தால் எப்போதும் ஏழு படிதான். விசைகளின் கணக்கு அத்தகையதன்று. 3 கிலோ விசையும் 4 கிலோ விசையும் ஒரே திசையில் இழுத்தால் பயன் 7. எதிரெதிராக இழுத்தால் 1. ஒன்றுக்கொன்று செங்குத்தாக இழுத்தால் 5. அளவோடு திசையும் சேர்ந்தே பொருள் தருகின்ற இத்தகைய கணியங்களை அறிவியலார் 'வெக்டர்' என்றும் 'திசையன்' என்றும் அழைப்பர்.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 10 கிலோ எடையுள்ள நீர்வாளியை நீங்களும் உங்கள் மகளும் நெருங்கி நின்று தூக்குங்கள். ஆளுக்கு 5 கிலோ பாரம்தான். வாளியைக் கீழே வைக்காமல் இருவரும் மெல்ல விலகிச் செல்லுங்கள். வாளியின் எடை மாறவில்லை. கைகளின் வலியோ ஏறுகிறது. இருவர் கைகளுக்கும் இடையே 120 பாகைக் கோணம் உண்டாகும்போது, ஒவ்வொருவரும் முழுப் 10 கிலோ விசையுடன் இழுக்க வேண்டியிருக்கும்!

காரணம் என்ன? கயிறாயினும் கையாயினும் தன் நீளத்தின் வழியேதான் இழுக்க இயலும். சாய்வாக இழுக்கும்போது அவ்விசையின் ஒரு பகுதியே மேல்நோக்கிச் சுமையைத் தாங்குகிறது. எஞ்சிய பகுதி பக்கவாட்டில் சென்று, எதிர்ப்புறத்து விசையுடன் மோதி வீணாகிறது.

இனி கொடிக்கயிற்றுக்கு வருவோம். இரு கொக்கிகளுக்கும் இடையே 4 மீட்டர் தூரம். நடுவே 10 கிலோ எடையுள்ள ஈர ஜமக்காளம். நடுப்பகுதி 1 மீட்டர் தொய்ந்தால் கயிற்றின் இழுவிசை ஏறத்தாழ 11 கிலோ. 20 சென்டிமீட்டர் மட்டுமே தொய்ந்தால் 50 கிலோ. 10 சென்டிமீட்டராகக் குறைந்தால் 100 கிலோ! துணி அதேதான், கொக்கியும் சுவரும் தாங்கும் பாரமோ ஒன்பது மடங்கு. சிறிதும் தொய்வின்றிச் சுமையைத் தாங்கும் கயிறு உலகில் இருக்கவே முடியாது.

சாய்தளத்தின்மீது வைத்த எடைகளை ஆராய்ந்து, இக்கணக்கின் அடிப்படையை 1586ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டார் ஸைமன் ஸ்டெவின் என்பவர். 1687இல் வெளிவந்த தமது பேர்பெற்ற நூலில், இயக்க விதிகளை அடுத்து, இரு விசைகளை ஒன்றாகக் கூட்டும் இணைகர விதியை நியூட்டன் எடுத்துரைத்தார்.

நைலான் கயிறு சுமைக்கேற்ப நீண்டு தானே தொய்வதால் ஓரளவு தப்பிக்கிறது. இரும்புக் கம்பி அவ்வளவு நீள்வதில்லை. ஆகவே அதனை முறுக்கி இறுக்குவது இன்னும் ஆபத்தானது. கைப்பிடிச் சுவரும் அதன்மேல் எழுப்பிய செங்கல் தூணும் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குமேயன்றி, பக்கவாட்டு இழுப்பை அவ்வளவாகத் தாங்கமாட்டா. அத்தூணின் அருகேயன்றோ நம் பிள்ளைகள் ஓடியாடி விளையாடுகின்றனர்?

எனவே, துணியை நன்கு பிழிந்த பின்னரே உலர்த்துங்கள். நடுவில் குவிக்காமல் கயிறு நெடுகப் பரப்புங்கள். அதே தொய்வுக்கு இழுவிசை ஏறத்தாழப் பாதியாகிவிடும். துணி தரையைத் தொட்டால் கயிற்றை இறுக்க வேண்டா. கொக்கிகளை உயரத்தில் பொருத்துங்கள், அல்லது நடுவில் ஒரு முட்டுக்கழி கொடுங்கள். 4 மீட்டர் கயிறு சுமையுடன் 40 சென்டிமீட்டரேனும் தொய்ந்திருக்கட்டும். அத்தொய்வு கயிற்றின் குறையன்று. சுவருக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே காவல்.