விழுக்காட்டை வைத்து வாதாடாதீர்கள்

பக்கவாதமோ சாலை விபத்தோ ஒருவரை முடக்கிப் போட்ட பிறகு, பிள்ளைக்குக் கொடுத்துவரும் பராமரிப்புத் தொகையைக் குறைக்கக் கேட்டுக் குடும்ப நல நீதிமன்றத்துக்கு மனு வருகிறது. மனுவில் இரண்டு பக்கம் துயரம், இணைப்பில் மாற்றுத்திறனாளி சான்றிதழ், அதில் ஒரு விழுக்காடு. ‘நடிக்கிறார்’ என்று ஒரே வரியில் எதிருரை. வாய்தா நகர்கிறது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நிற்கிறது. இரு தரப்பு வழக்கறிஞர்களும் வேலையைப் பாதியில் விட்டுவிடுகிறோம் என்பதே எங்கள் கருத்து.

சட்டத்தில் வழி திறந்தே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 146ஆம் பிரிவாகியிருக்கிறது. சூழ்நிலை மாறியதை மெய்ப்பித்தால் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். விவாகரத்துத் தீர்ப்போடு வந்த உத்தரவானால் இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இருக்கிறது.

மெய்ப்பிக்க வேண்டியது எது என்பதில்தான் தடுமாறுகிறோம். சான்றிதழிலுள்ள விழுக்காடு உடற்குறையின் அளவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வரையறுக்கும் 40 விழுக்காடு, அரசுச் சலுகைகளுக்கும் இடஒதுக்கீட்டுக்குமான எல்லை. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதை அந்த எண் சொல்லாது. விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துபவர்களுக்கு இது பாலபாடம். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2011, 1 எஸ்.சி.சி. 343) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது: இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பே போய்விடலாம், அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போக வேண்டியதில்லை. தீர்ப்பாயத்தில் இதே முன்தீர்ப்பைக் காட்டி வாதாடும் நாம், குடும்ப நல நீதிமன்றத்தில் அதை மறந்துவிடுகிறோம்.

காலை இழந்த இரண்டு ஓட்டுநர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தனியார் லாரி ஓட்டியவர், மற்றவர் அரசுப் போக்குவரத்துக் கழக ஊழியர். சான்றிதழில் ஒரே விழுக்காடு. லாரி ஓட்டியவருக்கு அன்றோடு வருமானம் நின்றது. கழக ஊழியரைப் பணிக்காலத்தில் ஏற்பட்ட உடற்குறைக்காக நீக்கவோ பதவியிறக்கவோ முடியாது. அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 20(4). அவர் சார்பில் ‘வருமானம் இல்லை’ என்று மனுப் போடுவதற்கு முன், மாற்றுப் பணி கேட்டாரா என்று கேளுங்கள். குழந்தை தரப்பில் நிற்பவர் குறுக்கு விசாரணையில் கட்டாயம் கேட்பார்.

லாரி ஓட்டியவருக்கும் விபத்து இழப்பீடு வந்திருக்கலாம். அதில் எதிர்கால வருமான இழப்புக்கென்று தரப்பட்ட பகுதி, சம்பளத்தின் இடத்தில் நிற்பது. அதைக் கணக்கில் சேர்க்கக் கேட்பது நியாயம். மருத்துவச் செலவுக்கும் உடனிருந்து பார்ப்பவருக்கும் தரப்பட்ட பகுதியையும், தமிழ்நாடு அரசு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரும் மாதம் 2,000 ரூபாயையும் தொடக் கூடாது. அவை அவர் உயிர் வாழ்வதற்கான பணம்.

உடல் வலு உள்ளவர் உழைத்தாவது கொடுக்க வேண்டும் என்று ஷமீமா ஃபரூக்கி (2015), அஞ்சு கர்க் (2022) தீர்ப்புகளை மேற்கோள் காட்டுவது வழக்கம். அந்த வலுவே போன பிறகு அந்த ஊகம் நிற்காது. அதற்காகப் பிள்ளையின் உரிமை அற்றுப்போவதும் இல்லை. உண்மையான சொத்தையும் வரவையும் பார்த்துத் தொகையை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ரஜ்னேஷ் எதிர் நேகா (2020) வழக்கில் கட்டாயமாக்கப்பட்ட சொத்து, கடன் பிரமாணப் பத்திரத்தைத் திருத்த மனுவிலும் இரு தரப்பும் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். தாயும் சம்பாதிப்பவரானால் பங்கு வருமான விகிதப்படி மாறும். பத்மஜா சர்மா (2000) வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தந்தைக்கும் தாய்க்கும் 2:1 என்று பிரித்தது. பக்கவாதம் போன்றவற்றில் முதல் சில மாதங்களில் தேறி வருபவர்களும் உண்டு. எனவே அடியோடு ரத்து கேட்காமல், குறிப்பிட்ட காலத்துக்குக் குறைத்து, பிறகு மறுபடி பார்க்கும்படி கேட்பதே இரு பக்கத்துக்கும் நல்லது.

பிள்ளையை வளர்ப்பவருக்கே உடற்குறை ஏற்பட்டால், தொகையைக் கூட்டக் கேட்க அதே 146 உதவும். ஆனால் பிள்ளையைத் தம்மிடம் வைத்து வளர்க்கும் உரிமையைப் பறிக்க மனு வந்துவிடுமோ என்று அஞ்சி அவர்கள் கேட்பதில்லை. பெற்றோரின் உடற்குறையைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 23ஆம் உறுப்பு. 2007இல் இந்தியா அதை ஏற்றிருக்கிறது. அந்த அச்சத்தைப் போக்குவது நம் கடமை.

திருத்த உத்தரவு வரும் வரை பழைய உத்தரவே செல்லும். மாதாமாதம் நிலுவை ஏறும், நிறைவேற்று மனு வரும், பிடியாணையும் வரலாம். ‘போதிய காரணம்’ என்று நோயைக் காட்டிச் சிறையைத் தவிர்க்கலாம். அதனால் கடன் குறைந்துவிடாது. எனவே சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையின் வெளிவருகைச் சுருக்கமும் முதலாளியின் கடிதமும் கையில் கிடைத்த வாரமே மனுவைத் தாக்கல் செய்யுங்கள். விழுக்காடு பின்னால் வரட்டும்.