பேக்கேஜ் காணோமா, பட்டியல் பழசா?

உபுண்டு சர்வரில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பை நிறுவ உட்காருபவருக்குச் சில நேரம் ஒற்றை வரியில் பதில் வருகிறது: அப்படியொரு பேக்கேஜ் கிடைக்கவில்லை. பேக்கேஜ் எங்கேயும் போய்விடவில்லை. ‘யுனிவர்ஸ்’ களஞ்சியத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அந்தக் களஞ்சியம் இயக்கப்படாமல் இருக்கலாம். அல்லது பட்டியலைப் புதுப்பிக்கும் ‘ஆப்ட் அப்டேட்’ கட்டளையைக் கொடுக்காததால் கணினியிடம் பட்டியலே இல்லாமல் இருக்கலாம். இவற்றில் எது காரணம் என்று அந்த ஒற்றை வரி சொல்வதில்லை.

ஆர்ச் லினக்ஸில் பழைய பதிப்புகள் சர்வரிலிருந்து சீக்கிரமே அகற்றப்படும். பழைய பட்டியலோடு போனால் 404 பிழைதான் மிச்சம். மொத்த சிஸ்டத்தையும் புதுப்பித்துவிட்டே நிறுவ வேண்டும்.

பொறுமை இழந்தவர்கள் கண்ட தளத்திலிருந்தெல்லாம் டெப் கோப்பை இறக்கித் திணிக்கிறார்கள். அது வேறொரு லைப்ரரியைக் கேட்கும், அந்த லைப்ரரி இன்னொன்றைக் கேட்கும்.

இதைவிட மோசமாகவும் முடியலாம்: 2021-ல் யூடியூபர் லினஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் லினக்ஸில் ஸ்டீம் கேம் செயலியை நிறுவப் போய் டெஸ்க்டாப்பையே இழந்தார். எச்சரிக்கை வராமல் இல்லை. நீக்கப்படவிருக்கும் பேக்கேஜ்களின் நீளமான பட்டியலோடு வந்தது. கேட்ட வாசகத்தைத் தட்டச்சு செய்து அவரும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். கிண்டலுக்குப் பஞ்சமில்லை. பாப் ஓஎஸ்ஸும் பயன்படுத்தும் ஆப்ட்டை உருவாக்குபவர்களோ அதே ஆண்டு, அத்தியாவசிய பேக்கேஜ்களை அவ்வளவு எளிதில் நீக்க முடியாதபடி நிரலைத் திருத்தினார்கள். ‘கிடைக்கவில்லை’ என்ற வரிக்கும் அதே கவனிப்பு வேண்டும்: எந்தக் களஞ்சியங்களில் தேடியது, பட்டியல் எந்தத் தேதியது என்று அதிலேயே சொல்லட்டும்.